கரண்ட் வந்த பிறகு ரெண்டு நிமிஷம்

சித்தே காலை அந்தப் பக்கம் நகட்டிக்கிறீங்களா சார்? மேல வெக்க மாட்டேனுங்க. கண்டக்டர் அப்பவே சொல்லிப் பாத்துட்டாரு, பின்னாடி டிக்கியில போட்டுருங்கன்னு. கீபோர்டுங்க சார் இது. டிக்கியில போட்டா திருச்சி போறதுக்குள்ள பாதிக் கட்டை எந்திரிச்சுக்கும். மடியிலயே இருந்துட்டுப் போகட்டும். உங்க முழங்காலை இடிச்சாச் சொல்லுங்க.

சென்னைக்குங்களா? நானும் அங்கதான். நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு புரோகிராம். ஹாலுதான், ஏசி ஹாலு, எண்ணூறு சீட்டாம்.

சினிமாப் பாட்டுக் கச்சேரி இல்லைங்க. அது என்னன்னு எனக்கே சொல்லத் தெரியாது. உங்க ஃபோன்ல இருக்கும், 'சிங்கிள் ஃபேஸ்'னு அடிச்சுப் பாருங்க. வந்துட்டுதா? ஒரு பஸ்ஸுக்கு முன்னாடி மூணு பேரு நிக்கறாங்களா? சீட்டு போடாத பஸ்ஸு, வெறும் கூடு. அதுல நான் இல்லை, பாத்துக்குங்க. கீழ வாங்க. நாலாவது பாட்டு... அமுக்காதீங்க! இப்ப அமுக்காதீங்க சார். நான் சொல்லி முடிச்சுக்கறேன். பாட்டுக்குக் கீழ வாசிச்சவங்க பேரு போட்டிருக்குமே, அதை மட்டும் படிங்க. லோகேஸ்வரி, முபாரக், இருதயராஜ். அவ்வளவுதானே? அந்தப் பாட்டுல கடைசி ரெண்டு நிமிஷம் கீபோர்டுதான் எல்லாமே. அது நானு. பேரு இல்லை, பாத்தீங்களா.

நான் யாரையும் குத்தம் சொல்லலை. சொல்றேன், அவ்வளவுதான்.

கரூர்ல சென்னியப்பன்னு கேட்டா யாருக்கும் தெரியாதுங்க. கீபோர்டு சென்னின்னு கேளுங்க, சுத்துவட்டாரத்துல எந்தக் கோயில் கமிட்டிக்காரரும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து எங்க வீட்டுல விட்டுருவாரு. சாரல் இன்னிசைக் குழு எங்களுது. முப்பத்தொரு வருஷம். ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டாப் போதும் எனக்கு. இடையில வர்ற வயலின், புல்லாங்குழல், எங்கயோ தூரத்துல ஒரு மணி அடிக்குமே அது, எல்லாம் என் கையிலேருந்து வரும். ரெக்கார்டுல எப்படியோ அப்படி. ஒரு சுரம் பிசகாது. கண்ணை மூடிட்டுக் கேட்டா கேசட் ஓடுதுன்னே நினைச்சுக்குவாங்க. ஒருக்கா குளித்தலைப் பக்கம் ஒரு பெரியவரு மேடைக்குப் பின்னாடி வந்து டேப் ரெக்கார்டர் எங்க இருக்குதுன்னு தேடினாரு. அந்த மாதிரி.

அப்பறம் ட்ராக் வந்துதுங்க. லேப்டாப்ல வாத்தியம் எல்லாம் ஓடும், நீங்க மைக்கைப் புடிச்சுப் பாடினாப் போதும். ரெக்கார்டுல இருக்கற மாதிரியே வேணும்னா ரெக்கார்டையே போட்டுக்கலாம்ல? எங்க குழுவுல பதினாலு பேரு இருந்தோம். இப்ப ரெண்டு பாட்டுக்காரங்களும் லேப்டாப்பும். வீட்டுல எம் பொண்டாட்டி ருக்குமணி எக்ஸ்போர்ட்டுக்குத் தலைகாணி உறை தெச்சுட்டு இருப்பா, நான் எதிர்ல உக்காந்து வெட்டுன துணியை அடுக்கிக் குடுத்துட்டிருப்பேன். ஒரு வருஷம் அப்படிப் போச்சு.

அப்பத்தான் இந்த முபாரக் வந்தான். பள்ளப்பட்டிப் பையன், இஞ்சினியரிங் படிச்சுட்டு அவங்க மாமாவோட பட்டறையில டிசைன் போட்டுட்டிருந்தான். பஸ்ஸுக்குப் பாடி கட்டற பட்டறைங்க. நீங்க உக்காந்திருக்கற இந்த பஸ்ஸுகூட எங்க ஊர்ல கட்டினதுதான், அந்த ஜன்னல் ஓரத்து மடிப்பைப் பாத்தாலே சொல்லிருவேன். முபாரக்கு கிடார் வாசிப்பான். அவனுக்குக் கூட்டு இருதயராஜ், அதே பட்டறையில தகடு வெட்டி ரிவெட் அடிக்கறவன். "ஒரு பேண்டு ஆரம்பிக்கறோம்ண்ணா, கீபோர்டுக்கு ஆள் வேணும், உங்களைத்தான் எல்லாரும் சொல்றாங்க"ன்னான். எனக்கு வேற வேலை இருக்குதுங்களா? தலைகாணி உறையை வெச்சுட்டு எந்திரிச்சேன்.

ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு. பாதி கட்டின பஸ்ஸு ஒண்ணு நடுவால நிக்குது. டிரம்ஸ் எங்கப்பான்னா, "இதுதாண்ணா"ன்னு இருதயராஜ் காமிக்கறான். கழட்டிப் போட்ட பழைய பஸ்ஸோட சைடுத் தகடு நாலஞ்சு, கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கறான். கையில ஒரு சுத்தி, ஒரு அரம். நான் ரிதம் பேடு, தபலா, எல்லாம் வெச்சு வாசிச்சவன் சார். சரி, வந்தது வந்தாச்சுன்னு ஸ்டாண்டைப் போட்டேன். பாடற புள்ளை வந்துது, லோகேஸ்வரி, லோகும்பாங்க. எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீசுல வேலை. ஒல்லியா இருக்கும், பேசினா பக்கத்துல நிக்கறவனுக்குக் கேக்காது. பாடினா அந்தத் தகடெல்லாம் அதிரும்.

"என்ன பாட்டும்மா?"ன்னேன்.

"பாட்டு இல்லைங்ண்ணா. ஆரம்பிப்போம், என்ன வருதுன்னு பாப்போம்."

என்ன வருதுன்னு பாக்கறதுக்கு இது என்ன குழாயிங்களா? ஆனா அவங்க ஆரம்பிச்சுட்டாங்க. நானும் அங்கங்க நாலு விரலை வெச்சு ஒப்பேத்தினேன். நாப்பது நிமிஷம். முடிஞ்சதும் மூணு பேரும் கட்டிப் புடிச்சுக்கறாங்க. எதுக்குன்னு கேக்கலை.

நான் அதை ஃபோன்ல பதிஞ்சு வெச்சிருந்தேன். அந்த வாரம் பூரா உக்காந்து எழுதினேன் சார். யாரு எந்த இடத்துல என்ன வாசிச்சாங்கன்னு, நோட்டுல பதினோரு பக்கம். அடுத்த ஞாயித்துக்கிழமை போயி, முதல்லேருந்து அப்படியே வாசிச்சேன். முந்தின வாரம் நடுவால இருதயராஜுக்கு ஒரு தும்மல் வந்து கை நின்னு போச்சு. அந்த இடம் வந்ததும் நான் நிறுத்தினேன். கணக்கா ஒண்ணரை செகண்டு. நிமிந்து பாக்கறேன், ஒருத்தரும் வாசிக்கலை. என்னையே பாத்துட்டு நிக்கறாங்க.

"என்னப்பா, தும்மல் இங்கதானே?"ன்னேன்.

இருதயராஜ் சிரிச்சுச் சிரிச்சுத் தகட்டு மேலயே சாஞ்சுட்டான். முபாரக்குதான், "அண்ணா, அது போன வாரம்ண்ணா"ன்னான். போன வாரம்னா என்ன சார்? நல்லா இருந்துதா இல்லையா? நல்லா இருந்துதுன்னா அதைத்தானே வாசிக்கணும்?

இருந்தாலும் அந்த பேண்டை உருவாக்கினது நான்தான்னு சொல்லணும். பேரு வெச்சதே நானுங்களே. பட்டறைக்கு வர்றது மூணு ஃபேஸ் கரண்டு. ஞாயித்துக்கிழமையானா ரெண்டு ஃபேஸு போயிரும், ஒத்தை ஃபேஸுதான். வோல்டேஜ் இருக்காது, ஃபேன் சவம் மாதிரி சுத்தும். "எந்த நேரமும் சிங்கிள் ஃபேஸு, இதுல எவன் வாசிப்பான்? மெல்லிசைக்காரன் நான், ஜெனரேட்டர் இல்லாம மேடை ஏறினதில்லை"ன்னு ஒரு நாள் கத்தினேன். லோகு புள்ளை கண்ணு விரிஞ்சுது. "சிங்கிள் ஃபேஸ்"னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்துது. முடிஞ்சுது, அதுதான் பேரு. நான் வயித்தெரிச்சல்ல சொன்னது சார் அது.

எது சொன்னாலும் அப்படித்தான். பக்கத்துப் பட்டறையில ஞாயித்துக்கிழமையும் வேலை நடக்கும், டங்கு டங்குன்னு அடி. நான் போயி அந்த மேஸ்திரி காலைப் புடிக்காத குறையாக் கெஞ்சி, பதினோரு மணி வரைக்கும் நிறுத்தி வெச்சுட்டு வந்தேன். நல்லது செஞ்சேன்னு நினைச்சு வந்து உக்காந்தா, லோகு எந்திரிச்சுப் போயி, "அண்ணா, மறுபடி அடிங்ண்ணா, அதே மாதிரி அடிங்ண்ணா"ன்னு கேட்டுட்டு வருது. அந்த அடிக்கு ஏத்தாப்புல ஒரு பாட்டு கட்டினாங்க. ரெண்டாவது பாட்டு அது. அந்த மேஸ்திரி இன்னைக்கும் என்னைப் பாத்தா சிரிக்கறாரு.

எனக்கு வேண்டாம்னு தோணிட்டே இருக்கும். ஞாயித்துக்கிழமை காலையில பாத்தா பையைத் தோள்ல மாட்டிட்டு நிப்பேன். "வேண்டாம்னுதானே சொன்னீங்க?"ன்னு ருக்குமணி கேப்பா. "போயிட்டு வந்துடறேன்"ம்பேன். எட்டு மாசம் இப்படி.

சரி, அந்த நாளுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ருக்குமணிக்கே போன மாசந்தான் தெரியும். உங்களை நான் மறுபடி பாக்கப் போறதில்லை, அதனால சொல்றேன்.

எனக்கு ஒரு கட்டையில மட்டுந்தான் வாசிக்கத் தெரியும்.

புரியலைங்களா? ஒவ்வொருத்தரு குரலுக்கும் ஒரு சுருதி இருக்குதுங்க. ஒருத்தரு ரெண்டு கட்டையில பாடுவாரு, இன்னொருத்தரு நாலரையில. வாசிக்கறவன் அதுக்குத் தகுந்த மாதிரி கையை மாத்தி வாசிக்கணும், விரல் போற இடமே வேற. நான் அதைக் கத்துக்கலை. கத்துக்கறதுக்குள்ள கச்சேரி வந்துருச்சு. கீபோர்டுல ட்ரான்ஸ்போஸ்னு ஒரு பட்டன் இருக்குது. அதை அமுக்கிட்டா, நீங்க பாட்டுக்கு ஒரு கட்டையில வாசிங்க, கீபோர்டு தானா ஏத்தி எறக்கிக் குடுத்துரும். முப்பத்தொரு வருஷம் அந்தப் பட்டன்லதான் என் குடும்பம் ஓடுச்சு. பக்கத்துல நின்ன கிடார்க்காரனுக்குக்கூடத் தெரியாது. லோகுவுக்கு அஞ்சு கட்டை. என் கட்டையிலேருந்து அங்க ஏத்த ஏழு தடவை அமுக்கணும். டிஸ்ப்ளே செத்து நாலு வருஷம் ஆச்சு, அதனால மனசுல எண்ணிக்குவேன்.

ஆடி மாசம், காத்துக் காலம். பதினோரு மணி இருக்கும். நாலாவது பாட்டு போயிட்டிருக்குது. முபாரக்கு ஒரு சின்ன ரெக்கார்டரை பஸ்ஸோட படிக்கட்டுல வெச்சிருந்தான், பேட்டரியில ஓடறது. நடுவால கரண்ட் போயிருச்சு. எங்கயோ மரம் கம்பியில பட்டிருக்கும். கிடார் செத்துப்போச்சு, என் கீபோர்டு செத்துப்போச்சு, மைக் செத்துப்போச்சு. நிறுத்திருவாங்கன்னு பாத்தா, அந்தப் புள்ளை நிறுத்தலை. மைக் இல்லாமயே பாடுது. இருதயராஜ் சுத்தியைக் கீழ வெச்சுட்டு விரலால தகட்டைத் தட்டறான். ஒரு நிமிஷம் இருக்கும், கரண்ட் வந்துது. முபாரக்கு என்னைப் பாத்துத் தலையாட்டினான், எடுங்கண்ணான்னு.

எடுத்தேன். வழக்கமா வெக்கற இடத்துல கையை வெச்சேன். வேற என்னமோ சத்தம் வருது.

அணைஞ்சு எரிஞ்சா நான் அமுக்கின ஏழும் அழிஞ்சு ட்ரான்ஸ்போஸ் ஜீரோவுக்கு வந்துரும் சார். அது எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா அந்த நேரத்துல தோணலை. மண்டையில ஒண்ணுமே இல்லை. அவ அஞ்சு கட்டையில நிக்கறா, நான் எங்கயோ வேற ஊர்ல நிக்கறேன். ஒரு கட்டையை அமுக்கினேன், அது இல்லை. பக்கத்துல அமுக்கினேன், அதுவும் இல்லை. இருட்டுல தீப்பெட்டி தேடற மாதிரி ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாக்கறேன். ஒண்ணு சேந்துது. விட்டுட்டா மறுபடி கெடைக்காதேன்னு அதைப் புடிச்சுட்டே இருந்தேன். அங்கேருந்து அடுத்தது தேடினேன். தப்பு. மெல்ல எடுத்துட்டேன். அவ பாடறதை நிறுத்திட்டா. நிறுத்திட்டு, நான் எங்க போறேனோ அங்க வாயை மூடிட்டே முனகிட்டு வர்றா. முபாரக்கு கிடார்லேருந்து கையை எடுத்துட்டான். இருதயராஜ் அரத்தை எடுத்துத் தகட்டுல மெதுவா இழுக்கறான். என்னைத் தனியா விட்டுட்டாங்க சார். எல்லாரும் பாக்கறாங்க, நான் தேடிட்டே இருக்கறேன். ரெண்டு நிமிஷம். அப்பறந்தான் பட்டன் ஞாபகம் வந்துது. அதுக்கு மேல அமுக்கி என்ன பண்ண? கையை எடுத்துட்டேன்.

நிமிந்து பாத்தா லோகு அழுதுட்டிருக்குது. கண்ணு ரெண்டும் ஒழுகுது, துடைக்கக்கூட இல்லை. பாவம், அத்தனை உசுரைக் குடுத்துப் பாடின பாட்டு, நான் கெடுத்துட்டேன். முபாரக்கு என் முகத்தைப் பாக்காம, குனிஞ்சு ரெக்கார்டரை அணைச்சான். திட்டறதுக்கு மனசு வரலை, பெரியவன்னு மரியாதை. இருதயராஜ் மட்டும் வந்து என் தோளைத் தொட்டான். எழவு வீட்டுல தொடுவாங்களே, அப்படி.

"கரண்ட் கோளாறுப்பா. அடுத்த வாரம் சரியா வாசிச்சுத் தர்றேன்"னு சொல்லிட்டுப் பையைக் கட்டினேன். முபாரக்கு பின்னாடியே வந்து, "வேண்டாம்ண்ணா, இதை மறுபடி எடுக்க வேண்டாம்"னான். என்னை வெச்சு இனிமே எடுக்க வேண்டாங்கறான். அவ்வளவு நாசூக்கா யாரும் என்னை நிறுத்தினதில்லை. நான் அடுத்த ஞாயித்துக்கிழமை போகலை. ஃபோன் பண்ணினாங்க, எடுக்கலை. வேலையை விட்டுத் தூக்கினவங்க எதுக்கு ஃபோன் பண்ணணும்?

ரெண்டு மாசம் கழிச்சு ஆல்பம் வந்துது. ருக்குமணியோட தையல்ல கூட இருக்கற பொண்ணு ஃபோன்ல காமிச்சுது. நாலாவது பாட்டு. சார், அதை அப்படியே போட்டிருக்கறாங்க. கரண்ட் போறது, அவ பாடறது, நான் வந்து தடுமாறினது, எல்லாம். கடைசியில நான் கையை எடுத்ததும் என் ஸ்டாண்டு கிறீச்சுன்னுச்சு, அதுகூட இருக்குது. பாட்டுக்குப் பேரு என்ன வெச்சிருந்தாங்க தெரியுங்களா? 'சென்னி'.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. வாசிக்கற எவன் கேட்டாலும் ஒரு நொடியில கண்டுபுடிச்சிருவான், இவனுக்கு அஞ்சு கட்டையில கை தெரியலைன்னு. முப்பத்தொரு வருஷம் மறைச்சு வெச்சதை ஊர் உலகத்துக்குப் போட்டுட்டு, மேல என் பேரையும் எழுதிட்டாங்க. ஃபோன் பண்ணினேன், மூணு பேரும் வீட்டுக்கு ஓடி வந்தாங்க. ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிட்டு வந்திருந்தாங்க, ஆஸ்பத்திரிக்கு வர்ற மாதிரி.

"எடுங்க அதை"ன்னேன்.

"அண்ணா, இந்த ஆல்பத்துல அதுதாண்ணா இருக்கறதுலயே..." முபாரக்கு முடிக்கறதுக்குள்ள நான் கத்திட்டேன். பாட்டை எடுக்க முடியாதுன்னா என் பேரையாவது எடுங்க, எங்கயும் சென்னியப்பன்னு இருக்கக் கூடாதுன்னேன். லோகு என்னைப் பாத்துச்சு. "நெசமாவே எடுக்கணுங்களா?"ன்னுச்சு. "எடு"ன்னேன். அன்னைக்கு மத்தியானமே எடுத்துட்டாங்க. பாட்டு பேரையும் மாத்திட்டாங்க. ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. பேசியிருக்கலாம்ல?

இப்ப லட்சம் பேரு கேட்டிருக்கறாங்களாம். பேரு இல்லை.

என்னங்க, பெரம்பலூர் வந்துட்டுதா? தண்ணி குடிக்கறீங்களா? நான் இறங்க முடியாது, இது மடியில இருக்குது.

போன மாசம் லோகு ஃபோன் பண்ணிச்சு. "சென்னையில பெரிய மேடைங்ண்ணா. நீங்க வந்தாத்தான் அந்தப் பாட்டு. இல்லைன்னா அதைப் பாடலை." நான் பிகு பண்ணலை சார், ஒத்துக்கிட்டேன். ஏன்னா எனக்கு என்ன கஷ்டம்? ரெக்கார்டு இருக்குது. கேட்டு வாசிக்கறதுதானே என் தொழில்? நோட்டை எடுத்து உக்காந்தேன். அந்த ரெண்டு நிமிஷம், முக்காப் பக்கம்தான் வந்துது. எத்தனையோ பெரிய பெரிய பாட்டெல்லாம் எழுதின கை, இது என்ன பிரமாதம்? ஒரு மணி நேரத்துல வாசிச்சுட்டேன். ஒரு சுரம் பிசகலை.

லோகுவுக்கு ஃபோன்லயே வாசிச்சுக் காமிச்சேன். முழுசாக் கேட்டுச்சு. அப்பறம், "நல்லா இருக்குதுங்ண்ணா"ன்னுச்சு. கோயில் கமிட்டிக்காரங்க அப்படிச் சொல்லுவாங்க, அடுத்த வருஷம் நம்மளைக் கூப்பிட மாட்டாங்க.

எனக்கே தெரிஞ்சுது சார். அதேதான், ஆனா அது இல்லை. என்ன குறையுதுன்னு ரெக்கார்டைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். யாரு யாரோ வாசிச்சதையெல்லாம் வாசிச்சிருக்கறேன். நான் வாசிச்சது எனக்கு வரலை. இதை யாருகிட்டப் போயிச் சொல்றது?

அப்பறம் ஒரு யோசனை வந்துது. அன்னைக்கு கரண்ட் போனதுனாலதானே? ருக்குமணிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், அந்த ஒரு கட்டை விஷயம் உள்பட. அவ தையல் மிஷினை நிறுத்திட்டுக் கேட்டா. "இதுக்கா முப்பது வருஷமா கச்சேரிக்கு முன்னாடி சோறு எறங்காம இருந்தீங்க?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. அப்பறம் எந்திரிச்சுப் போயி மெயின் சுவிட்ச்கிட்ட நின்னா. நான் வாசிப்பேன், அவ டப்புன்னு அணைப்பா, போடுவா. ஜீரோவுக்கு வந்துரும். ஆனா ஜீரோன்னு எனக்குத் தெரியுதே சார். சொல்லாம அணை, நான் எதிர்பாக்காதப்ப அணைன்னேன். சாப்பிட்டுட்டு வந்து உக்காந்ததும் அணைப்பா, பாதியில அணைப்பா. பத்து நாளு. பக்கத்து வீட்டுக்காரரு வந்து உங்க வீட்டுல மட்டும் ஏன் கரண்ட் போகுதுன்னு கேட்டுட்டுப் போனாரு. அணைஞ்ச உடனே எனக்குத் தெரிஞ்சிருது, கை எங்க வெக்கணும்னு. தெரிஞ்சுக்கிட்டே எப்படிங்க சார் தடுமாறறது?

சொல்லுங்க. வேற யாரையாவது அந்தப் பட்டனை அமுக்கச் சொல்லலாம்ல, எத்தனைன்னு எனக்குச் சொல்லாம? அதைத்தானே கேக்க வர்றீங்க? ருக்குமணியும் அதான் சொன்னா. நேத்து மத்தியானம் என்னைச் செவத்தைப் பாத்துத் திரும்பி உக்காரச் சொல்லிட்டு அமுக்கினா. எத்தனை தடவைன்னு தெரியலை. "ம், வாசிங்க"ன்னா. திரும்பினேன். கையைத் தூக்கினேன். வெக்க முடியலை சார். கட்டைக்கு மேல கை அப்படியே நிக்குது. "யாரு இருக்கறா இங்க, நான்தானே?"ங்கறா. அவ ஒருத்திதான். ஆனா எனக்கு முடியலை. பயமா இருந்துது. அம்பத்திமூணு வயசுல, சொந்த வீட்டுல, எம் பொண்டாட்டி முன்னாடி, கையை வெக்கப் பயந்துட்டு உக்காந்திருந்தேன். அவ வந்து சுவிட்சை அணைச்சுட்டுக் காப்பி போடப் போயிட்டா.

அப்பறம் ஏன் போறேன்னு கேளுங்க. லோகுகிட்டச் சொன்னேன், வரலைம்மான்னு. அதுக்கு அது, "அதையே வாசிக்க வேண்டாங்ண்ணா. என்னமோ ஒண்ணு வாசிங்க, நாங்க உங்ககூட வர்றோம்"னு சொல்லுது. என்னமோ ஒண்ணுன்னா எது? அது எந்த ரெக்கார்டுல இருக்குது? கேட்டா சிரிக்குது. அப்பறம் நோட்டீசு ஒண்ணை ஃபோன்ல அனுப்பிச்சு. பாருங்க, இதோ. நாலாவதா. 'கீபோர்டு: சென்னியப்பன்.' நான் கேக்கலை சார். அதுவாப் போட்டிருக்குது. முப்பத்தொரு வருஷத்துல எந்த நோட்டீசுலயும் 'மற்றும் குழுவினர்'தான் நானு. இதைப் பாத்ததுக்கு அப்பறம் வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. நாளைக்கு நாலு மணிக்கு என்ன பண்ணப் போறேன்னு அந்த சாமிக்குத்தான் தெரியும்.

சரி, நான் சொல்லி முடிச்சுட்டேன். இப்ப அமுக்குங்க. நாலாவது. காதுல மாட்டிக்கிட்டே கேளுங்க, வெளியே வேண்டாம், நாலு பேரு இருக்கறாங்க. நீங்க வாசிக்கறவரு இல்லைல்ல? அப்ப உங்களுக்குத் தெரியாது. சும்மா கேளுங்க.

இப்ப அவ பாடறா, இல்லைங்களா? ம். இப்ப கரண்ட் போயிருக்கும். நான் இன்னும் வரலை.

இதோ, இப்பத்தான் நான். முதல்ல வெச்சது தப்பு. அடுத்ததும் தப்புதான்.

இன்னும் இருக்குது, கேளுங்க.

முடிஞ்சுதுங்களா? ஸ்டாண்டு சத்தம் கேட்டுதா?

என்னங்க சார்? என்னத்துக்குக் கண்ணைத் துடைக்கறீங்க? அவ்வளவு மோசமாவா இருக்குது?